பேர் எழுதிய பூசணி

ஜனவரி 12

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். என் முழங்காலும் இவருடைய வாயும் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறதென்று ஒளிக்காமல் எழுதுங்கள். போனில் கேட்கலாமென்றால் மில் சத்தம் உங்கள் காதைப் பாதி தின்றுவிட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலேயே காலம் தள்ளிய எனக்குக் கடிதம் எழுதித்தான் பேச வேண்டிய சம்பந்தி வாய்த்ததை இவர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். போனில் விதை அனுப்ப முடியுமா?

விஷயத்துக்கு வருகிறேன். சதுர வெள்ளரிக்காய் காய்த்துவிட்டது. கடிகாரக் கடையை மூடியபோது மிஞ்சிய கண்ணாடித் தகடுகளை வெட்டி, இவர் ஒரு பெட்டி செய்து கொடுத்தார். கடிகார ரிப்பேர்க்காரரின் கை அல்லவா, மூலைக்கு ஒரு திருகாணி வைத்து நகையைப் போலப் பண்ணியிருந்தார். விரல் நீளப் பிஞ்சாக இருக்கும்போதே உள்ளே விட்டுக் கொடியில் கட்டித் தொங்கவிட்டேன். பிஞ்சு பெட்டியை அடைத்துக்கொண்டு வளர்ந்தது. திருகாணியைக் கழற்றினால் நாலு மூலையோடு ஒரு வெள்ளரிக்காய். வெட்டினால் ரொட்டித் துண்டு மாதிரி வருகிறது.

"ருசி என்னமோ அதே வெள்ளரிக்கா ருசிதான். இதுக்கெதுக்கு நாலு மூலை?" என்றார்.

"உருண்டு கீழ விழாதுல்ல" என்றேன்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று முணுமுணுத்துவிட்டு இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டார்.

இத்துடன் ஊதா பீன்ஸ் விதையும் எலுமிச்சை வெள்ளரி விதையும் வைத்திருக்கிறேன். எலுமிச்சை வெள்ளரி என்பது உருண்டையாக, மஞ்சளாக இருக்கும். கடித்தால்தான் வெள்ளரி என்று தெரியும். உங்கள் மாடியில் போட்டுப் பாருங்கள். நம் பிள்ளைகள் இருக்கிற அடுக்குமாடி வீட்டில் ஒரு தொட்டி வைக்கக்கூட இடமில்லை. வைத்தாலும் தண்ணீர் ஊற்ற இருவருக்கும் நேரமில்லை. போன வாரம் பேசினார்கள், நலம்.

இப்படிக்கு,
பையனைப் பெற்றவள்


பிப்ரவரி 6

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நானும் என் செடிகளும் நலம். நீங்களும் உங்கள் முழங்காலும் சமாதானமாகிவிட்டீர்களா?

விதைகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. பீன்ஸை பெயின்ட் வாளிகளில் ஊன்றினேன், முளைத்துவிட்டது. கொடி ஏறுவதற்கு மில்லில் கழித்துப் போட்ட நூலைத்தான் கட்டியிருக்கிறேன். அறுந்த நூலை முடிந்து முடிந்து பழகிய விரல். என் முடிச்சு அவிழாது.

உங்கள் சதுரத்தைப் படித்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் எனக்குப் பெட்டி செய்து தர ஆள் இல்லையே. வாய் குறுகிய பாட்டில் ஒன்று இருந்தது. என் பழைய வெள்ளரிக் கொடியில் இருந்த பிஞ்சை அதற்குள் நுழைத்துவிட்டேன். இப்போது பாட்டில் நிறைய வெள்ளரிக்காய். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்து, "இது எப்படிங்க உள்ள போச்சு?" என்று கேட்டார். "அதுவாத்தான் போச்சு" என்றேன். வெளியே எடுக்க வேண்டுமென்றால் பாட்டிலை உடைக்க வேண்டும். மனசு வரவில்லை. ஜன்னலில் வைத்திருக்கிறேன், வெயில் பட்டால் அழகாக இருக்கிறது.

இத்துடன் மஞ்சள் பூசணி விதை. என் மாடி அதன் கனம் தாங்காது, உங்களுக்குத்தான் தரை இருக்கிறது. மாப்பிள்ளை பூசணி என்றால் இரண்டு தட்டு சாப்பிடுவாரே, அவருக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவள்


ஏப்ரல் 20

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

உங்கள் பூசணிக்கு வெட்கம் மானம் இல்லை. வேலியைத் தாண்டி, துணி துவைக்கும் கல்லைத் தாண்டி, இவருடைய சைக்கிள் சக்கரத்துக்குள் ஒரு கையை நுழைத்துவிட்டது. "சைக்கிள எடுக்கணும்னா உன் சம்பந்திகிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்கிறார்.

எல்லாவற்றையும் கிள்ளிவிட்டு ஒரே ஒரு காயை விட்டேன். அது கைப்பிடி அளவு வந்ததும் ஒரு காரியம் செய்தேன். வருகிற ஜூலையில் பிள்ளைகளின் கல்யாண நாள் அல்லவா? இரண்டு பேர் பெயரையும் அந்தக் காயின் மேல் கீறிவிட்டேன். இவருடைய மிகச் சின்ன திருப்புளிதான் பேனா. தோல் மட்டும் கீறவேண்டும், சதையைத் தொடக்கூடாது. கீறினதும் தண்ணீர் மாதிரி பால் பொட்டுப் பொட்டாக வந்தது; துணியால் ஒற்றி எடுத்தேன். இப்போது காய்ந்து, தழும்பாகிவிட்டது. காய் பெருக்கப் பெருக்க எழுத்தும் கூடவே பெருக்குமாம். பழுத்ததும் நானே தூக்கிக்கொண்டு போய் அவர்கள் வீட்டு மேஜையில் வைக்கப்போகிறேன். அழிரப்பர் போட்டாலும் அழியாது.

பையன் போன் செய்தான். வேலை அதிகமாம்.

இப்படிக்கு,
பையனைப் பெற்றவள்


மே 11

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறோம். உடனே பதில் போடாததற்குத் தப்பாக நினைக்காதீர்கள்.

ஊதா பீன்ஸ் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. பறிக்கவே கை கூசுகிற நிறம். ஆனால் கொதிக்கிற தண்ணீரில் போட்ட மாத்திரத்தில் ஊதா எல்லாம் எங்கோ போய், சாதாரணப் பச்சை பீன்ஸ் ஆகிவிட்டதே. இதை நீங்கள் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மகள் வந்திருக்கிறாள். லீவு நிறையச் சேர்ந்துவிட்டதாம். நாலு நாள் இருந்துவிட்டுப் போவாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை.

பேர் எழுதியதைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டீர்களா? சொல்லவில்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம். காய் முதலில் தேறட்டும். இன்னொன்று, பூசணி எப்படிக் கிடக்கிறதோ அப்படியே கிடக்கட்டும். அழகுக்காகத் திருப்பி வைக்காதீர்கள். திருப்பினால் காம்பு முறுகும்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவள்


ஜூன் 16

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். உங்கள் வீட்டில் எல்லோரும் நலமா?

நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். காய் பெருத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. என் பையனின் பெயர் சினிமா போஸ்டர் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க, மருமகள் பெயர் அடியில் போய் மண்ணில் புதைந்துகிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பெயரும் ஒரே மாதிரி தெரியட்டும் என்று இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். காம்பில் 'நறுக்' என்று ஒரு சத்தம். இவர் ஓடிவந்து ரப்பர் நாடாவைச் சுற்றிக் கட்டுப்போட்டார். "கடிகாரத்து முள்ளையே பின்னால திருப்பக்கூடாதுன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிறவன். நீ காயத் திருப்புற" என்றார். காய் அழுகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பெருக்கவும் இல்லை. எழுத்து ஒரு சாண் அளவோடு நின்றுவிட்டது.

இந்தப் பொட்டலத்தில் நூடுல்ஸ் பூசணி விதை இருக்கிறது; வேகவைத்து முள்கரண்டியால் சுரண்டினால் இழை இழையாக வருமாம், அதிகக் கனமும் இல்லையாம். முட்டை மாதிரி வெள்ளையாகக் காய்க்கிற கத்தரிக்காய் விதையும் இருக்கிறது. தபாலில் நசுங்காமல் இருக்க, கையில் கிடைத்த ஒரு துணியில் சுற்றியிருக்கிறேன். துணியைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
பையனைப் பெற்றவள்


ஜூன் 27

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

விதை வந்தது. சுற்றியிருந்த துணியும் வந்தது.

அது கையில் கிடைத்த துணி இல்லை. என் மகளின் நீலச் சால்வை. ஓரத்தில் தையல் போட்டவள் நான். அவர்கள் வீட்டுப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குவது. வரும்போது மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நீங்கள் அங்கே போகாமல் அது உங்கள் கைக்கு வந்திருக்காது. போய், அவளுடைய அலமாரியையும் பார்த்திருப்பீர்கள்.

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும். நாலு நாள் என்று நான் எழுதியது பொய். அவள் ஏப்ரலிலேயே பெட்டியோடு வந்துவிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து பேசி எடுத்த முடிவாம். அடிதடி இல்லை, யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. "சாப்பிட்டியா, கதவப் பூட்டினியா, இதுக்கு மேல எங்களுக்குள்ள பேச ஒண்ணுமில்லம்மா" என்கிறாள்.

உங்களிடம் சொல்லாததற்குக் காரணம் வெட்கம் என்று நினைப்பீர்கள். வெட்கமும்தான். அதைவிடப் பெரிது, சொல்லிவிட்டால் உங்களிடமிருந்து கடிதம் வராது என்கிற பயம். எனக்குக் கடிதம் போடுகிற ஆள் நீங்கள் ஒருவர்தான்.

உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்? எழுத இஷ்டமிருந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவள்


ஆகஸ்ட் 20

அம்மா அவர்களுக்கு,

உங்கள் உடல்நலம் எப்படியோ, தெரியவில்லை. நலமாக இருக்க வேண்டும்.

நீங்கள் கொடுத்த எலுமிச்சை வெள்ளரியில் முதல் காயைப் பழுக்கவிட்டு எடுத்த விதை இது. விதை கொடுத்தவருக்கு அதில் பாதி திரும்பிப் போக வேண்டும். அதற்காகத்தான் அனுப்புகிறேன்.

பதில் எழுத வேண்டியதில்லை.


செப்டம்பர் 8

அன்புள்ள

மேலே என்ன எழுதுவதென்று தெரியாமல் காலியாக விட்டிருக்கிறேன். உடம்பு நலம்தான். மனசுதான் கொஞ்ச நாள் படுத்துவிட்டது.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டீர்கள். ஏப்ரலிலிருந்து. பையன் போன் செய்தான், வேலை அதிகமாம் என்று எழுதினேனே, அந்தப் போனில்தான் சொன்னான். "அம்மா, நாங்க பிரிஞ்சிடலாம்னு இருக்கோம். நீ கோவப்படாம கேளு" என்றான். நான் ஒன்றுமே கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு நேராகத் தோட்டத்துக்குப் போனேன். இவருடைய திருப்புளியை எடுத்துக்கொண்டு காயின் மேல் இரண்டு பெயரையும் கீறினேன். எழுதிவிட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு நப்பாசை. சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பது என்பார்கள். நாம் இரண்டு பேரும் அதைத்தான் செய்திருக்கிறோம், அதுவும் பேர் எழுதின பூசணியை. மே மாதக் கடைசியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அலமாரியில் அவள் பக்கம் காலி. கதவுக்குப் பின்னால் சால்வை. எனக்குத் தெரியும் என்று உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை, எழுதக் கை வரவில்லை. அதனால்தான் விதையைச் சுற்றி அனுப்பினேன்.

பிறகு ஏன் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றால், உங்கள் மேல் கோபம். நிஜமான கோபம். பெற்ற தாய் ஒரு வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கக்கூடாதா என்று. என் நாத்தனார் வேறு வந்து, "அறுந்துபோன உறவுக்கு என்ன கடுதாசி வேண்டிக்கெடக்கு?" என்று தூபம் போட்டாள். கல்யாண நாள் வந்தது, போனது. பூசணி ஹாலில் மேஜைக்கு அடியில் கிடக்கிறது. நான் பெயர் கண்ணில் படாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பேன்; இவர் வீடு பெருக்கும்போது நேராக வைப்பார்.

போன வாரம் சும்மா உட்கார்ந்திருந்தபோது பழைய எக்ஸ்சேஞ்ச் போர்டு நினைவுக்கு வந்தது. இந்தப் பக்க வயரையும் அந்தப் பக்க வயரையும் செருகிவிட்டால் இரண்டு பேரும் பேசுவார்கள். பேசி முடித்துப் போனை வைத்துவிட்டால் இரண்டு விளக்கும் எரியும். எரிந்ததும் வயரைப் பிடுங்கிவிட வேண்டும், அதுதான் வேலை. பாவமே என்று பிடுங்காமல் விட்டால் அவர்கள் இருவராலும் வேறு யாரோடும் பேச முடியாது. புதிதாக வேலைக்கு வந்த எத்தனை பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருப்பேன். என் பிள்ளை விஷயத்தில் விளக்கு எரிந்தும் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஆனால் நம் இருவர் விளக்கும் எரியவில்லையே. அதைத்தான் உங்களிடம் கேட்க நினைத்தேன்.

எலுமிச்சை வெள்ளரியை ஊன்றிவிட்டேன். முளைத்துவிட்டது.


செப்டம்பர் 22

அன்புள்ள உங்களுக்கு,

நலம், நலம், நலம். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தேன்.

எப்படி அழைப்பதென்று எனக்கும்தான் தெரியவில்லை. 'மேடம்' என்று எழுதிப் பார்த்தேன். வேலைக்கு மனுப் போடுவது மாதிரி இருந்தது. 'அக்கா' என்று எழுதிப் பார்த்தேன்; நம்மில் யார் பெரியவர் என்று நீங்கள் சண்டைக்கு வருவீர்கள். அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

கோபம் உங்களுக்கு மட்டுமா? எனக்கும் இருந்தது. பையனைக் கூப்பிட்டு 'என்னடா' என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா இந்த அம்மா, காய்க்குப் பெட்டி மாட்டவும் பெயர் கீறவும் நேரம் இருக்கிறதே என்று. இப்போது இல்லை.

திருப்பி அனுப்பியிருக்கக்கூடாதா என்று கேட்டீர்கள். முயற்சி பண்ணாமல் இல்லை. அவள் வந்த புதிதில் ஒருநாள், "இன்னொரு தடவை போய் இருந்து பாரேன்" என்றேன். காதில் விழுவதற்காகக் கிட்டே வந்து உட்கார்ந்து சொன்னாள்: "ஜன்னல்ல பாட்டில் வெள்ளரி வச்சிருக்கியே, உடைக்க மனசில்லாம. அத எடுத்துப் பாரும்மா."

எடுத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் அழுகி, தண்ணீர் விட்டிருந்தது. வெயில் படும் பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவே இல்லை. சாக்கில் சுற்றிப் பாட்டிலை உடைத்துவிட்டேன். அன்றைக்குப் பிறகு நான் அவளிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். இந்த ஊரிலேயே வேலைக்குப் போகிறாள். காலையில் வாளி தூக்குவது அவள்தான். வெள்ளைக் கத்தரிக்காயைப் பார்த்துவிட்டு, "கோழி எங்கம்மா?" என்று கேட்டாள். சிரித்து எத்தனை நாள் ஆயிற்று.

சால்வையைப் போர்த்திக்கொள்கிறாள். யார் அனுப்பினார்கள் என்று கேட்டாள், சொன்னேன். ஓரத் தையலைத் தடவிக்கொண்டே, "அவங்க முழங்கால் இப்ப எப்படிம்மா இருக்காம்?" என்றாள். எழுதுங்கள், அவளிடம் சொல்ல வேண்டும்.

என் விளக்கும் எரியவில்லை.


ஜனவரி 17

அன்புள்ள வெள்ளரிக்காரம்மாவுக்கு,

முழங்கால் பரவாயில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். இவர் வாயும் பரவாயில்லை.

உங்களுக்கும் தகவல் வந்திருக்கும். போன வாரம் எல்லாம் சட்டப்படி முடிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து இருவரும் சேர்ந்து டீ குடித்தார்களாமே. பையன் சொன்னான். டீ குடிக்க முடிகிறவர்களுக்குச் சேர்ந்திருக்க முடியவில்லையா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். இப்போதெல்லாம் அடக்க வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை பையன் இங்கே வந்திருந்தான். மேஜைக்கு அடியில் கிடந்ததை இழுத்துப் பார்த்தவன், கையால் எழுத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். "அம்மா, இத வெட்டிரலாம். எத்தன நாளைக்கு வச்சிருப்ப?" என்றான். நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது, பாட்டில். கத்தியை நானே எடுத்தேன். கீறும்போது இரண்டு பெயருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருந்தேன். கத்தி அங்கேதான் போயிற்று. எந்த எழுத்தும் வெட்டுப்படவில்லை.

உள்ளே நல்ல மஞ்சள், ஒரு பூச்சி இல்லை. நல்ல இனிப்பு. பையன் இரண்டு தட்டு சாப்பிட்டான். எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தது. வெங்காயமே நறுக்கவில்லை, அதனால் சாக்கும் சொல்ல முடியவில்லை.

விதையை அலம்பிக் காயவைத்தேன். "இத முளைக்கப் போட்டா வர்ற காயிலயும் அந்தப் பேர் இருக்குமோ?" என்று இவரிடம் கேட்டேன், அசட்டுத்தனமாகத்தான். "தோல்ல கீறினது தோலோட போச்சு. விதைக்குத் தழும்பு ஏறாது" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை.

அந்த விதைதான் இது. உங்கள் பூசணியின் விதை, உங்களுக்கே திரும்பி வருகிறது. இனிமேல் நமக்குள் முறை என்று ஒன்றும் இல்லை என்கிறாள் நாத்தனார். இருக்கலாம். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். போட்டால் ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
பூசணிக்காரி


மே 3

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

இங்கே இரண்டு பேரும் நலம். அங்கே இரண்டு பேரும் நலமாக இருப்பீர்கள்.

தாமதத்துக்குக் கோபிக்காதீர்கள். ஒரு வரி எழுதுவதற்குக் காய் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாடி தாங்காது என்று முன்பு எழுதினேன் அல்லவா? மகள் கீழ்வீட்டுக்காரரிடம் பேசி, பின்பக்கம் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கொஞ்சம் தரை வாங்கிக் கொடுத்தாள். மண்வெட்டி பிடித்துக் கொத்தியதும் அவள்தான். கொடி ஓடி, பூத்து, ஒரு காய் நின்றிருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் சொன்னது சரி. வழவழவென்று இருக்கிறது, ஒரு கீறல் இல்லை.

இல்லை என்று போன வாரம் வரைக்கும் சொல்லியிருக்கலாம். கைப்பிடி அளவு வந்ததும் நானும் ஒரு காரியம் செய்தேன். எனக்குத் திருப்புளி ஏது? மில் ஊசியால்தான் கீறினேன். தோல் மட்டும், நீங்கள் எழுதியிருந்தபடி. பால் வந்தது, ஒற்றி எடுத்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் எப்படிப் போகுமோ என்று எனக்குக் கொஞ்சம் உதறல்தான். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "நல்லாப் பெரிசா எழுதும்மா, அவங்களுக்கு கண்ணாடி இல்லாம தெரியாது" என்றாள்.

ஒரே ஒரு வார்த்தைதான் எழுதியிருக்கிறேன்: சம்பந்தி.

காயைத் திருப்ப மாட்டேன். எழுத்து எந்தப் பக்கம் சாய்கிறதோ சாயட்டும். இப்போது நான் குனிந்தால்தான் படிக்க முடிகிறது. பழுக்கும்போது குழாயில் தண்ணீர் பிடிக்க வருகிறவர்களும் படிப்பார்கள். உங்கள் நாத்தனாரையும் கூட்டி வந்தால் அவரும் படிக்கலாம். ஜூலையில் பழுத்துவிடும். இவ்வளவு பெரியதைத் தபாலில் அனுப்ப முடியாது. முழங்காலைப் பார்த்துக்கொண்டு நீங்கள்தான் வரவேண்டும்.

இப்படிக்கு,
சம்பந்தி